மாசக் கடைசிக்குள்ள டெக்னோவை விளங்கப்படுத்தணும்

டீஜே தொழில்ல பாட்டுப் போடுறது சின்ன வேலைங்க. போட்டது பாட்டுத்தான்னு சனத்தை நம்ப வைக்கிறதுதான் பெரிய வேலை.

பைலாவும் குத்தும் போட்டுப் பேர் வாங்கின அண்ணன்மாருக்கு இது விளங்காது, அவங்க இப்பவே பக்கத்தைப் புரட்டிட்டுப் போகலாம். டீப் ஹவுஸ், டெக்னோன்னு வெளிநாட்டு மெஷின் பாட்டு மேல ஆசை வச்சு, கல்யாண ஹோல் மூலையில ஹெட்போனை மாட்டிக்கிட்டு அநாதையா நிக்கிற சகோதரங்களே, இது உங்களுக்கு. நான் பெருசாப் படிச்சவன் இல்ல. ஓ-லெவல்ல கணக்கு பெயில். ஆனா நாலு வரைக்கும் எண்ணத் தெரியும், நம்ம பாட்டுக்கு அதுக்கு மேல தேவையும் இல்ல. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, திரும்பவும் ஒண்ணு.

துணிக்கடைக் கண்ணு

கிழமை முழுக்க கல்யாணம், பெர்த்டே பார்ட்டின்னு கேக்குறதைப் போடுற கூலிக்காரன் நான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மட்டுந்தான் மனுசன். கண்டிக் குளத்துக்கு மேல, மலை ரோட்டுல, சந்திரன் முதலாளியோட ரெஸ்டூரண்ட் மொட்டை மாடியில, நாலு மணியில இருந்து இருட்டுற வரைக்கும் எனக்குப் பிடிச்சதைப் போட விட்டிருந்தாரு. கீழ குளம், சுத்தி மலை, நடுவுல என் ஸ்பீக்கர், ஸ்பீக்கருக்கு ஒட்டின மாதிரி ரெண்டு தகட்டால ரொட்டியைக் கொத்துற நஸீர் நானாவோட கொத்து ரொட்டி அடுப்பு. அந்த ஒரு பின்னேரத்தை நெனச்சுத்தான் மிச்ச ஆறு நாளும் பல்லைக் கடிச்சுக்கிட்டு குத்துப் பாட்டுப் போடுறேன்.

முதலாளிக்கு டவுன்ல துணிக்கடை. ரெஸ்டூரண்ட் பிறகு தொடங்கினது. பேசும்போது சட்டைக் கொலரை ரெண்டு விரலால தடவுவாரு, ஒவ்வொரு வசனத்துக்கும் வாலா ஒரு 'விளங்குதா' கட்டுவாரு. மாசத் தொடக்கத்துல ஒரு நாள் சோக்குக் கட்டியும் கையுமா வந்தாரு. வாசல் போர்ட்ல பிரியாணி, கொத்து எல்லாம் எழுதியாச்சாம், ஞாயிற்றுக்கிழமை என்ன பாட்டுன்னும் எழுதணுமாம். நானும் நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னேன்: "டீப் ஹவுஸ்ல தொடங்கி, சோல்ஃபுல் ஹவுஸ், கொஞ்சம் மினிமல், பிறகு டப் டெக்னோ, பொழுது சாயும்போது டெட்ராய்ட் டெக்னோ." சோக்கு போர்ட்டைத் தொடவே இல்ல. ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு போட்டுக் காட்டச் சொன்னாரு. காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாரு. கண்ணைத் திறந்தாரு.

"தம்பி, இது வொயில், இது பொலியெஸ்டர்னு நான் தொட்ட உடனே சொல்லுவேன், விளங்குதா? நீ காட்டின அஞ்சும் எனக்கு ஒரே துணி. மாசக் கடைசிக்குள்ள சனத்துக்கு விளங்குற மாதிரி வித்தியாசம் சொல்லு, இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை கரோக்கே, விளங்குதா?"

மாமா, கிளார்க், கொண்டக்டர்

எனக்குப் புஸ்தக விளக்கம் வராது. ஆனா ஆளுங்க மாதிரி செஞ்சு காட்ட வரும். சின்ன வயசுல இருந்து அதுக்குத்தான் அடி வாங்கியிருக்கேன். அடுத்த நாளே முதலாளியையும் வேலைக்காரங்களையும் உக்கார வச்சு ஆரம்பிச்சேன். டீப் ஹவுஸ்னா, பகல் சோத்தை ஒரு பிடி பிடிச்சிட்டு சாய்மனைக் கதிரையில சாஞ்சுக்கிட்டுப் பேசுற மாமா. ஒரு முக்கியமான விசயமும் சொல்ல மாட்டாரு, ஆனா அவரு நிப்பாட்டிட்டா வீடு வெறிச்சுன்னு இருக்கும். சோல்ஃபுல் ஹவுஸ்னா, அதே மாமா பேசிக்கிட்டு இருக்கும்போது சேர்ச் கொயர்ல பாடுற மாமி ஒருத்தி உள்ள வந்து, கையைத் தூக்கி, "ஓ..."ன்னு அழுதுக்கிட்டே சந்தோசப்படுறது. மினிமல்னா கவர்மென்ட் கந்தோர் கிளார்க். "நாளைக்கு"ம்பாரு. அப்புறம் தேத்தண்ணி. பேன் சுத்தும். ரொம்ப நேரங்கழிச்சு, "வாங்க"ம்பாரு. டப் டெக்னோ, வெறுமையாக் கிடக்கிற தேயிலைப் பெக்டரிக்குள்ள நின்னு கூப்பிடுறது. கூப்பிட்டது ஒரு தரம், திரும்பி வாறது நாலு தரம். டெக்னோன்னா கண்டி பஸ் ஸ்டாண்ட் கொண்டக்டர்: "கம்பளை கம்பளை கம்பளை கம்பளை", மூஞ்சியில ஒரு அசைவு கிடையாது. டெட்ராய்ட் டெக்னோன்னா அதே கொண்டக்டர்தான், ஆனா அன்னைக்குக் காலையில ஒருத்தி அவரை விட்டுட்டுப் போயிட்டா. வாய் கம்பளைங்குது, மனசு எங்கேயோ கிடக்குது.

எல்லாரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. நஸீர் நானா கீழ உக்காந்தே போனாரு. முதலாளி கண்ணைத் துடைச்சு, மூக்கைச் சிந்தி, என் தோள்ல ஒரு தட்டுத் தட்டினாரு. ஜெயிச்சிட்டோம்னு நெனச்சேன்.

"அபாரம் தம்பி. நீ பாட்டை எல்லாம் விட்டுட்டு ஞாயிற்றுக்கிழமை இதையே செய்யேன், விளங்குதா?"

ரெண்டு பக்கமும் கேக்குது

சரி, சனம் ரசிக்குதுன்னு வீடியோ எடுத்துக் காட்டுவோம்னு முடிவெடுத்தேன். கம்பளையில ஒரு கல்யாணம். பொண்ணு அலங்காரம் முடிஞ்சு வர நேரமாகும்னாங்க. இந்த இடைவெளியைக் கடவுளே தந்தாருன்னு நல்ல டீப் ஹவுஸாப் பொறுக்கி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரையுற மாதிரி, தையல் தெரியாமக் கோத்துக்கிட்டே போனேன். அப்படி ஒரு மிக்ஸிங் என் வாழ்க்கையில செஞ்சது இல்ல. ஹோல் முழுக்க சனம். ஒருத்தரும் பேசல, எழும்பல, எல்லாரும் மேடையைப் பார்த்து அப்படியே கட்டுண்டு உக்காந்திருக்காங்க. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. போனைத் தூக்கி வீடியோவும் எடுத்தேன்.

அப்பத்தான் பொண்ணோட அப்பா வந்தாரு. டவுன்ல பலசரக்குக் கடை வச்சிருக்கிற பெரிய மனுசன், கழுத்துல மாலை, முகத்துல ரொம்பப் பொறுமை. குனிஞ்சு, யாருக்கும் கேக்காம, என் மனசு நோகாத மாதிரி காதுல சொன்னாரு:

"தம்பி, சவுண்ட் செக்கிங் எல்லாம் நல்லாப் போகுது, ரெண்டு பக்கமும் சத்தம் கேக்குது. இனிப் பாட்டைப் போட்டிருங்க."

சாட்சிக்கு வந்த படிச்சவங்க

அந்த வீடியோவை நானே அழிச்சிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்துச்சு, நமக்குத்தான் படிச்ச ரசிகர்கள் ரெண்டு பேர் இருக்காங்களே! பேராதனையில ஒருத்தர் டொக்டர், மத்தவர் கெம்பஸ்ல படிப்பிக்கிறவர். ரெண்டு பேரும் யாழ்ப்பாணம். ஞாயிற்றுக்கிழமை தவறாம வருவாங்க, ஆளுக்கு ஒரு இஞ்சிப் பிளேன்டீ, ஆட மாட்டாங்க. தலையை மட்டும், தப்புக் கண்டுபிடிக்கிற மாதிரி ஆட்டுவாங்க. முதலாளியைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து அவங்க மேசையில உக்கார வச்சேன். "ஐயா, இப்ப போறது என்ன வகைன்னு நீங்களே சொல்லுங்க."

"டீப் ஹவுஸ்," அப்படின்னாரு டொக்டர். "விசர்க் கதை," அப்படின்னாரு மத்தவர், "இது டெக்னோ." "அந்தக் கீபோர்ட் கோர்ட்ஸைக் கேளுமன் ஐசே, எவ்வளவு இளஞ்சூடா இருக்கு!" "நீர் அந்த ஹை-ஹெட் தாளத்தைக் கேளும், அதிலை என்ன சூடு இருக்கு? ஆஸ்பத்திரிக் கத்திரிக்கோல் மாதிரியெல்லோ கிடக்கு." குரல் ஏறுது. பக்கத்து மேசைச் சனம் திரும்புது. முதலாளி ஒருத்தர் வாயைப் பார்ப்பாரு, மத்தவர் வாயைப் பார்ப்பாரு, கொலரைத் தடவிக்கிட்டே மெதுவா எழும்பிப் போயிட்டாரு. நான்தான் பாவம் பார்த்து உண்மையை உடைச்சேன்: "ஐயா, இப்ப ரெண்டு பாட்டு ஒண்ணா ஓடுது. ஒண்ணு முடியுது, ஒண்ணு தொடங்குது. கோர்ட்ஸ் பழைய பாட்டு, ஹை-ஹெட் புதுப் பாட்டு. நீங்க ரெண்டு பேருமே சரி." சந்தோசப்படுவாங்கன்னு பார்த்தா, டொக்டர் கோப்பையை டக்குன்னு வச்சாரு.

"நாங்கள் ரெண்டு பேரும் சரியெண்டால், பிறகு என்ன கோதாரிக்கு ஞாயிற்றுக்கிழமை மினக்கெட்டு வாறது?"

இவ்வளவு பெட்டியா

படிச்சவங்களால ஏலல, தாளம் அடிக்கிறவங்களைக் கேப்போம்னு நெனச்சேன். ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தோட்டத்துல கோயில் திருவிழா, சவுண்ட் என்னோடது. பகல் பூசை முடிஞ்சு சும்மா இருந்த நேரம் மெதுவா ஒரு டெக்னோவை ஓட விட்டேன். தப்பு அடிக்கிற முத்தையா அண்ணன் வந்து ஸ்பீக்கர் முன்னால நின்னாரு. காதைக் கிட்ட வச்சாரு. தப்பைத் தீயில காட்டிச் சூடேத்திக்கிட்டே, "இது எதுக்கு அடிக்கிற அடி?"ன்னாரு. அவங்க கணக்கு அப்படி. சாமி எடுக்க ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. ரெண்டு லயன் வீட்டு வரிசைக்கு அங்கால இருந்து கேட்டாலும் என்ன காரியம்னு சனம் சொல்லிரும். நான் சத்தத்தைக் குறைச்சிட்டுச் சொன்னேன்: "சாமிக்கு இல்லண்ணே. சாவுக்கும் இல்ல. சும்மா, ஆடுறதுக்கு."

அண்ணன் ஒவ்வொரு ஸ்பீக்கரா, ஆம்ப்ளிஃபயரா, வயரா, ஜெனரேட்டர் வரைக்கும் கண்ணாலயே நடந்து போயிட்டு வந்தாரு.

"சும்மா அடிக்கிறதுக்கா தம்பி இவ்வளவு பெட்டி?"

மோட்டர்ல பழுது இல்லையாம்

மாசத்துல கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு. நான் படியேறிப் போறேன், கெஷியர் மேசைக்குப் பக்கத்துல ஒரு பெரிய அட்டைப் பெட்டி. கரோக்கே மெஷின் வந்திறங்கிருச்சு. அதை எனக்குத் தெரியாம வச்சிருக்கலாம். முதலாளி அதுக்கு மேல ஒரு பூச்சாடி வேற வச்சிருந்தாரு. நான் அதைச் சுத்திக்கிட்டுப் போய், சோகத்துல நல்ல இருட்டு மினிமலா ஒண்ணு போட்டேன். டும். டும். டும். டும். கொஞ்ச நேரத்துல கீழ் வீட்டு டீச்சர், பென்ஷன் எடுத்தவங்க, மூச்சிரைக்கப் படியேறி வந்தாங்க. ரசிக்க வந்திருக்காங்கன்னு கதிரையை இழுத்துப் போட்டேன். அவங்க உக்காரல. ஸ்பீக்கரைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, திரும்ப ஸ்பீக்கரைப் பார்த்தாங்க.

"அட, இதுவா? நான் என் தண்ணி மோட்டர்தான் இழுக்குதுன்னு ரெண்டு தரம் ரிப்பேர் பாஸைக் கூப்பிட்டுக் கழட்டிப் பார்த்துட்டேன், மோட்டர்ல ஒரு பழுதும் இல்லையாம்."

நானாவோட கை

கடைசி ஞாயிறு. இன்னையோட சரின்னு எனக்கு நானே மௌன அஞ்சலி செலுத்திக்கிட்டு நிக்கிறேன். கட்டுகஸ்தோட்டையில இருந்து வந்த குடும்பம் ஒண்ணு முதலாளியைப் பிடிச்சுக்கிச்சு. நாலு மணிக்கு வந்தா கொத்துல ரொட்டித் துண்டு விரல் தண்டி கிடக்காம், பொழுது சாய வந்தா தூளாக் கிடக்காம், இது என்ன கடைன்னு கேட்டாங்க. சாப்பாட்டுல குறை சொன்னா முதலாளிக்குத் தாங்காது. நேரா அடுப்புக்குப் போனாரு. "நானா, ரொட்டி ஒண்ணு, தகடு ஒண்ணு, கை ஒண்ணு. ஏன் கொத்து மட்டும் ரெண்டு விதம், விளங்குதா?"

நஸீர் நானா பாவமான மனுசன், கொத்துத் தகட்டைத் தூக்கினா மட்டுந்தான் புலி. ரெண்டு தகட்டையும் கல்லு மேல வச்சிட்டு, நான் செஞ்ச குத்தத்தை நானே சொல்லட்டும்னு என்னைப் பார்த்தாரு. நான் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கிட்டேன். அப்ப அவரு வேர்வையைத் துடைச்சுக்கிட்டு ஸ்பீக்கரைக் கையால காட்டினாரு.

"மொதலாளி, நான் என்ன செய்யிற? பொட்டி காதுக்குக் கிட்ட நிக்குது. இவர் போடுற வேகந்தான் கைக்கு வருது. நாலு மணிக்கு இவர் தூங்குற, நானும் தூங்குற. பொழுதுபட இவருக்குப் பேய் பிடிக்குது, எனக்கும் பிடிக்குது."

தொட்டுப் பார்த்த பரீட்சை

முதலாளிக்குக் கோபம் வரும்னு பார்த்தேன். மனுசனுக்கு யோசனை வந்துருச்சு. "அஞ்சையும் ஒவ்வொண்ணாப் போடு. நானா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு முட்டைக் கொத்து." டீப் ஹவுஸைப் போட்டேன். நானா தகடு இறங்குது, தூங்குது, இறங்குது. பெரிய பெரிய துண்டு, கறி ஆணம் ஊறி மெதுமெதுன்னு ஒரு பிளேட். சோல்ஃபுல் ஹவுஸ். மாமி குரல் எடுத்த உடனே நானாவுக்கு என்னமோ ஆகிப்போச்சு; தகட்டைச் சுழட்டினாரு, கேக்காமலே வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் அள்ளிப் போட்டாரு. மினிமல்ல ஒரு வெட்டு வெட்டிட்டுச் சுத்திமுத்திப் பார்த்தாரு, இன்னொரு வெட்டு வெட்டினாரு. முழு ரொட்டி அப்படியே கிடக்கு. டப் டெக்னோவுக்கு ஒரு பெரிய வெட்டு, பின்னால நாலு செல்ல வெட்டு. டெட்ராய்ட் டெக்னோவுக்கு நானா வானத்தைப் பார்த்துக்கிட்டே கொத்தினாரு, பிளேட்ல வந்தது தூள், ஆனா உப்புப் போட மறந்துட்டாரு.

அஞ்சு பிளேட்டும் வரிசையா மேசையில. சனம் எழும்பி வந்து சுத்தி நிக்குது. டொக்டரும் கூட்டாளியும் முன்னுக்கு. முதலாளி சாப்பிடல. கொலர்ல இருந்து அந்த ரெண்டு விரலை எடுத்தாரு. ஒவ்வொரு பிளேட்லயும் கொஞ்சம் எடுத்து, கடையில சீலை பார்க்கிற மாதிரியே விரலுக்கு நடுவுல வச்சு உரசிப் பார்த்தாரு. முதல் பிளேட். ரெண்டாவது. திரும்பவும் முதல் பிளேட்.

"இது வேற. இது வேற. இது முழுக்கவே வேற. விளங்குது தம்பி, நல்லா விளங்குது! இதைச் சொல்லாம நீ ஏன் ஒரு மாசமா மாமா, மாமின்னு வாயால சொல்லிக்கிட்டு இருந்தே?"

ஓடர்

அடுத்த ஞாயிறு நான் போகும்போது வாசல் போர்ட்ல கொத்துக்குக் கீழ அஞ்சு வகையும் முதலாளி கையெழுத்துல. கரோக்கே பெட்டி அப்படியே இருந்துச்சு, ஆனா அதுக்கு மேல பூச்சாடி இல்ல. என் ரைட் ஸ்பீக்கரைத் தூக்கி வச்சிருந்தாங்க. ஜெயிச்சிட்டேன் சகோதரங்களே. ஜெயிச்ச லட்சணத்தையும் கேளுங்க. இனி எதுக்கு அப்புறம் எதுன்னு நான் தீர்மானிக்க ஏலாது, எந்தப் பாட்டுல கொத்தணும்னு மேசையில இருந்து ஓடர் வரும். டொக்டர் டீப் ஹவுஸ் சொல்லி, பிளேட்டைக் கிண்டிப் பார்த்து, இது டெக்னோ எண்டு கூட்டாளியோட மல்லுக்கட்டுவாரு. கட்டுகஸ்தோட்டைக் குடும்பத்துல தகப்பனுக்கு ஒரு வகை, தாய்க்கு ஒரு வகை, நான் நடுவுல கிடந்து ரெண்டையும் மிக்ஸ் பண்ணிக்கிட்டு நிப்பேன்.

அன்னைக்கு நாலு மணி, இளவெயிலு, குளம் தகதகன்னு இருக்கு. அழகா, சாஞ்சாப்ல, மாசம் முழுக்க மனசுக்குள்ள வச்சிருந்த டீப் ஹவுஸ் ஒண்ணைத் தொடங்கினேன். அந்த முதல் கோர்ட் வந்து விழுது. அப்பத்தான் கீழ் வீட்டு டீச்சர் படியேறி வந்தாங்க. இந்தத் தரம் உக்காந்தாங்க. போர்ட்டை வாசிச்சிட்டுத்தான் வந்திருக்காங்க. வெயிட்டரைக் கூப்பிடல, நேரா என்னைத்தான் கையைக் காட்டிக் கூப்பிட்டாங்க.

"தம்பி, எனக்குப் பல்லு செட்டு, இந்த டீப் ஹவுஸ் எல்லாம் கடிக்க ஏலாது, ஒரு மரக்கறிக் கொத்துக்கு உள்ளதுலயே வேகமான டெக்னோவாப் பார்த்துப் போடுங்க."

ஆக, உலகம் முழுக்க ஆளுக்கொரு விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்கிற விசயத்தைக் கண்டி மொட்டை மாடியில நாங்க ஒரே வசனத்துல முடிச்சிட்டோம்: பல்லு உள்ளவங்களுக்கு ஹவுஸ், பல்லு செட்டுக்காரங்களுக்கு டெக்னோ.